வண்டி வீட்டின் மின்சாரம்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பது நம்மவர் வழக்கு. வீட்டை மோட்டார் வண்டியின் பின்னால் கட்டி இழுத்துப் பார் என்ற மூன்றாவது ஒன்றையும் அதனுடன் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் அனுபவம். அந்த அனுபவத்தையே இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

அமெரிக்க நாட்டில் பலர் இவ்வாறு வீட்டை இழுத்துச் செல்கிறார்கள். டிராவல் டிரெயிலர் என்று அதற்குப் பெயர். படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, குளியலறை எல்லாம் அடங்கிய, சக்கரம் வைத்த ஒரு சிறு வீடு அது. புதிய வழக்கமும் அன்று. 1936-ஆம் ஆண்டிலேயே ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தார் செய்த 'கிளிப்பர்' என்னும் வண்டியில் நால்வர் படுக்க இடமும், தண்ணீர்த் தொட்டியும், மின்சார விளக்கும் இருந்தன. அன்றுமுதல் இன்றுவரை அந்த வீட்டில் குடியிருப்போருக்கு ஓயாத தலைவலி ஒன்று உண்டென்றால், அது மின்சாரந்தான்.

காரணம், அந்த வீட்டில் இருவகை மின்சாரம் ஓடுகிறது. வண்டிகள் தங்கும் திடல்களில் இடத்துக்கு ஒரு கம்பம் நட்டிருப்பார்கள். அதில் தடித்த கம்பியொன்றைச் செருகினால் 120 வோல்ட் ஏ.ஸி. மின்சாரம் வீட்டினுள் வரும். சாதாரண வண்டிகளுக்கு 30 ஆம்பியர் அளவு. அதாவது 3,600 வாட். அறையைக் குளிர்விக்கும் இயந்திரமும், மைக்ரோவேவ் அடுப்பும், சுவரிலுள்ள பிளக்குகளும் இதைக் கொண்டு இயங்குவன. இது ஒருபுறம். மற்றொருபுறம், வண்டியின் முன்மூக்கில் ஒரு பாட்டரி உண்டு. அது கொடுப்பது 12 வோல்ட் டி.ஸி. விளக்குகள், தண்ணீர்ப் பம்பு, குளிருக்குக் கணப்பூட்டும் விசிறி, எரிவாயு கசிந்தால் கூவும் கருவி, குளிர்ப்பெட்டியின் கட்டுப்பாடு ஆகிய யாவும் இந்தப் பன்னிரண்டு வோல்ட்டை நம்பியே வாழ்கின்றன.

இந்த இரண்டுக்கும் இடையே இருந்து தூது செல்லும் பெட்டிக்குக் கன்வெர்ட்டர் என்று பெயர். கம்பத்திலிருந்து வரும் ஏ.ஸி.யை டி.ஸி.யாக மாற்றி, விளக்குகளுக்கும் கொடுத்து, பாட்டரியையும் நிரப்புவது அதன் கடமை.

நம் வீட்டு மேல்தொட்டியை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். பாட்டரி மேல்தொட்டி, கன்வெர்ட்டர் கிணற்றிலிருந்து நீரை ஏற்றும் பம்பு. பம்பு நின்றுவிட்டாலும் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரத்தான் செய்யும், தொட்டி வற்றும்வரை. குழாயில் தண்ணீர் வருகிறது என்பதைக் கொண்டு பம்பு ஓடுகிறது என்று முடிவு கட்டுபவனைப் பார்த்து நாம் சிரிப்போம். அவ்வாறு முடிவு கட்டியவன் நான். மின்சாரத் துறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நேர்மை.

2019-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் நகரில் வசிக்கும் என் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். மாப்பிள்ளை பழைய டிரெயிலர் ஒன்றை விலைக்கு வாங்கியிருந்தார். வழியில் பிளாக்ஸ்டாப் என்ற ஊரில் ஓர் இரவும், பிறகு கிராண்ட் கேன்யன் என்னும் மாபெரும் பள்ளத்தாக்கின் தென் கரையில் இரண்டு இரவுகளும் தங்குவதாகத் திட்டம். புறப்படுவதற்கு முதல் நாள், பாட்டரி பழுதாயிருப்பதைக் கண்டு புதிது ஒன்று வாங்கி வந்தார். "அதை நான் பொருத்துகிறேன், நீங்கள் மற்ற வேலைகளைப் பாருங்கள்" என்றேன். மாமனாருக்கும் ஒரு வேலை கிடைத்ததே என்று அவர் மகிழ்ந்தார் என்றே நினைக்கிறேன்.

பழைய பாட்டரியைக் கழற்றியாயிற்று. கறுப்பாக ஒரு கம்பியும் வெள்ளையாக ஒரு கம்பியும் என்னெதிரே கிடந்தன. மோட்டார் வண்டியில் கறுப்புக் கம்பி எதிர்முனைக்கு உரியது. நம் ஊர் வீட்டு மின்கம்பிகளிலும் கறுப்பு என்றால் நியூட்ரல். இந்த நிறப்பாடம் என் கைகளில் ஊறியிருந்தது. கறுப்பை எதிர்முனையில் மாட்டி, வெள்ளையை நேர்முனையில் வைத்தேன். 'படார்' என்று ஒரு பொறி! கையை இழுத்துக்கொண்டேன். ஒரு கணம் யோசித்துவிட்டுக் கம்பிகளை மாற்றி மாட்டினேன். உள்ளே சென்று விளக்கைப் போட்டேன், எரிந்தது. பம்பு ஓடியது. கம்பத்துக் கம்பியைச் செருகியபோது குளிர்ப்பு இயந்திரமும் ஓடியது. ஆகவே யாவும் நலமே என்று தீர்மானித்து, பொறி பறந்த செய்தியை என்னோடு வைத்துக்கொண்டேன். பார்த்தவர் எவரும் இல்லை.

அந்தக் கறுப்பு நிறத்தின் வரலாற்றைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் வீடுகளுக்குக் கம்பி இழுக்கும்போது மின்சாரம் வரும் கம்பி கறுப்பு. திரும்பும் கம்பி வெள்ளை. டிரெயிலர் செய்பவர்கள் வீடு கட்டும் மரபைச் சேர்ந்தவர்கள். வண்டி வீட்டின் பன்னிரண்டு வோல்ட்டுக்கும் அவர்களில் பலர் அதே வழக்கத்தைக் கையாண்டு, கறுப்பை நேர்முனைக்கும் வெள்ளையை எதிர்முனைக்கும் வைத்துவிட்டார்கள். அதனால், சாலையில் ஒன்றையொன்று தொட்டு ஓடும் இரண்டு வண்டிகளில், முன்வண்டியில் கறுப்பு என்றால் ஒரு பொருள். பின்வண்டியில் கறுப்பு என்றால் அதற்கு நேர்மாறான பொருள். வீடும் வண்டியும் கலந்த சம்பந்தத்தில் பிறந்த குழப்பம் இது. இதில் இடறி விழுந்தவர்கள் அந்த நாட்டிலேயே ஏராளம் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிறிது ஆறுதலாயிருந்தது. ஆனால், அது பிறகு நடந்தது.

பிளாக்ஸ்டாப்பில் முதல் இரவு சுகமாகவே கழிந்தது. மறுநாள் பள்ளத்தாக்கின் கரையை அடைந்தோம். அந்தத் தென் கரை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரம். நம் உதகமண்டலத்துக்குச் சற்றே குறைவு. பகலில் இதமான வெயில். இரவிலோ வெப்பநிலை உறைநிலையை எட்டிப் பார்க்கும். பள்ளத்தாக்கின் அழகைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் அதற்கே போதாது. மாலைச் சூரியன் சாயும்போது அந்தப் பாறை அடுக்குகள் ஒவ்வொன்றாக நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு, ஐந்து வயதுப் பேரன் என் விரலைப் பிடித்தபடி வாய் பேசாமல் நின்றான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மூன்றாம் இரவு இரண்டு மணி இருக்கும். 'கீச், கீச்' என்று விட்டு விட்டு ஓர் ஒலி. எரிவாயுக் கசிவை அறிவிக்கும் கருவிதான் கூவிக்கொண்டிருந்தது. எல்லோரும் பதறி எழுந்தோம். வாயு மணம் ஏதும் இல்லை. விளக்கைப் போட்டால் அது நெய் வற்றிய அகல்போல மங்கலாகச் சிவந்தது. கணப்பின் விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால், அதிலிருந்து வந்தது வெந்நீராவி போன்ற சூடான காற்றன்று. வெளியிலிருந்த பனியை வாரி இறைத்தாற்போன்ற குளிர்காற்று. பேரனின் பற்கள் கிட்டின. என் மகள் தன் கம்பளியையும் அவன்மேல் போர்த்தி, அவனை மடியில் அணைத்துக்கொண்டாள்.

விசிறி ஓடியும் நெருப்பு ஏன் பிடிக்கவில்லை என்று சிலர் கேட்கலாம். அந்தக் கணப்பினுள், காற்றின் வேகத்தால் சாயும் சிறிய தகடு ஒன்று இருக்கிறது. போதிய வேகத்துடன் காற்று வீசி, தகடு சாய்ந்தால்தான் புரோப்பேன் வாயுவுக்கு வழி திறக்கும். வோல்ட் குறைந்தால் விசிறி சோர்வாகச் சுழலும், தகடு சாயாது, வாயு திறக்காது. உயிரைக் காப்பதற்காகச் செய்த ஏற்பாடுதான். எனினும், பாட்டரி வற்றியது என்பதை அது தெரிவிக்கும் முறை மிகக் கொடுமையானது. வாயுக் கருவி கூவியதற்கும் காரணம் அதுவே. தனக்கு வரும் மின்சாரம் போதவில்லை என்று அது முறையிட்டுக்கொண்டிருந்தது.

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? உபதேசம் செய்தேன். கம்பத்து மின்சாரம் பழுது என்றேன். மைக்ரோவேவின் கடிகாரம் பளிச்சென்று ஒளிர்ந்து என்னைப் பொய்யனாக்கியது. அப்படியானால் இந்தப் பழைய வண்டியின் கன்வெர்ட்டர் செத்துவிட்டது என்றேன். வாங்குவதற்கு முன் அறிந்தவர் ஒருவரைக் கேட்டிருக்கலாமே என்றும் சொன்னேன். மாப்பிள்ளை அதற்கு மறுமொழி சொல்லவில்லை. குளிர்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே சென்றார். மோட்டார் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து, டிரெயிலரின் மூக்கருகே நிறுத்தினார். இணைப்புக் கம்பிகளை எடுத்தார். நான் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சிவப்புப் பிடியை அவர் கறுப்புக் கம்பி மாட்டிய முனையில் வைக்கப் போனார். என்னையறியாமல், "மாப்பிள்ளை!" என்று கூவிவிட்டேன்.

அவர் நிமிர்ந்து பாராமலே, "இந்த வண்டிகளில் நிறத்தைப் பார்க்கக் கூடாது, மாமா. பாட்டரியின் மேல் இருக்கும் குறியைத்தான் பார்க்க வேண்டும்" என்றார்.

குளிரில் அல்லாமல் வேறொன்றால் என் உடம்பு சில்லிட்டது. புறப்பட்டதற்கு முதல் நாள் பறந்த பொறி என் கண்முன் மறுபடி பறந்தது.

என்ஜினை ஓடவிட்டதும் சில நிமிடங்களில் கணப்பு பற்றிக்கொண்டது. ஆனால், அமைதி காக்க வேண்டிய நேரத்தில் என்ஜின் ஓடும் ஓசை கேட்டு, அடுத்த வண்டியிலிருந்த ஓர் அம்மையார் கதவைத் திறந்துகொண்டு வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும்; ஆண்டில் பாதியை வண்டி வீட்டிலேயே கழிப்பவர். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். செய்தியைக் கேட்டவுடன் அவர் திரும்பிப் போய், சிறிய மின்சாரக் கணப்பு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். "சுவர்ப் பிளக்குகளில் மின்சாரம் இருக்கிறதல்லவா? இதைச் செருகிக்கொண்டு குழந்தையைத் தூங்கவிடுங்கள். மற்றதைக் காலையில் பார்ப்போம்" என்றார். மூவாயிரத்து அறுநூறு வாட் மின்சாரத்தைக் கையருகே வைத்துக்கொண்டு, குளிரில் நடுங்கியபடி உபதேசம் செய்துகொண்டிருந்த எனக்கு அது தோன்றவில்லை.

காலையில் அந்த அம்மையார் ஒரு மீட்டருடனும், பிஸ்கோத்துத் தகரம் ஒன்றுடனும் வந்தார். அவர் சோதித்த வரிசையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், கம்பத்துக் கம்பி செருகியிருக்கும்போதே, பாட்டரியின் இரு முனைகளில் மீட்டரை வைத்தார். பாட்டரியில் ஆறு அறைகள். ஒவ்வொன்றும் நிறைந்த நிலையில் 2.1 வோல்ட் கொடுக்கும். ஆகவே, நிரப்பி ஓய்வாக வைத்த பாட்டரி 12.6 வோல்ட் காட்டும். பாதி தீர்ந்தால் 12.1 அல்லது 12.2. இவ்வளவு சிறிய இடைவெளிக்குள் அதன் நிறைவும் குறைவும் அடங்கிவிடுகின்றன. ஆனால், கன்வெர்ட்டர் நிரப்பிக்கொண்டிருந்தால் மீட்டர் 13-க்கு மேல் காட்ட வேண்டும். சாதாரணமாக 13.6, வற்றிய பாட்டரிக்கு விரைந்து ஊட்டும்போது 14.4. எங்கள் மீட்டரோ 11.8 என்றது. கம்பத்துக் கம்பியைப் பிடுங்கிப் பார்த்தார், அதே 11.8. மறுபடி செருகினார், இம்மியும் ஏறவில்லை. "தொட்டிக்குத் தண்ணீர் ஏறவே இல்லை" என்று நான் தமிழில் சொல்லிக்கொண்டேன்.

அடுத்து, பாட்டரியைத் துண்டிக்கும் சுவிட்சு மூடியிருக்கிறதா என்று பார்த்தார். வண்டியைச் சும்மா நிறுத்தும்போது அதைத் திறந்துவிட்டுப் பிறகு மறந்துபோகிறவர்கள் பலராம். பாட்டரிக்கருகே உள்ள சிறு பிரேக்கரையும், சட்டத்தில் முடுக்கிய வெள்ளைக் கம்பியையும் அசைத்துப் பார்த்தார். துரு ஏறிய அந்த ஒற்றை முடுக்காணியால் முழு வண்டியும் இருண்டுபோவதுண்டு. அங்கே குறை இல்லை. உள்ளே சென்று பிரேக்கர்களைப் பார்த்தார். எல்லாம் மேலே இருந்தன.

படுக்கைக்கு அடியிலிருந்த பலகையைக் கழற்றினோம். கன்வெர்ட்டர் அங்கே மௌனமாயிருந்தது. அது சாதாரணப் பிளக்கு ஒன்றில் செருகப்பட்டிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு மேஜை விளக்கைச் செருகினார் அம்மையார், எரிந்தது. ஆக, பெட்டியின் வாசல்வரை மின்சாரம் வருகிறது, வெளியே போகவில்லை. பெட்டியின் முகத்தில் தட்டையான இரண்டு ப்யூஸ்கள் இருந்தன. ஒன்றை உருவி வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே கருகியிருந்தது. மற்றதும் அவ்வாறே.

பாட்டரியை முனை மாற்றி மாட்டினால் கன்வெர்ட்டர் வெந்துபோகாதபடி தம்மைப் பலியிடுவதற்காகவே அந்த ப்யூஸ்கள் அங்கே இருக்கின்றன. வேறு காரணத்தால் அவை போவது அரிது. சில வண்டிகளில் இவற்றைக் கன்வெர்ட்டரில் வைக்காமல், விளக்குகளுக்கு மின்சாரம் பிரியும் பலகையில் பாட்டரியின் வழியில் வைத்திருப்பார்கள். அங்கே அவை போனால், கம்பத்தில் செருகியிருக்கும்வரை விளக்கு பளிச்சென்று எரியும். கம்பியைப் பிடுங்கிய மறுகணமே இருள். அதுவும் ஒருவகையில் நல்லது. குற்றம் உடனே தெரிந்துவிடும். எங்கள் வண்டியிலோ பாட்டரி தானே விளக்குகளையும் கணப்பையும் தாங்கிக்கொண்டு, வழியில் மோட்டார் வண்டி கொடுத்த சிறிதளவையும் உண்டு, மூன்றாம் இரவுவரை எங்களை ஏமாற்றிக்கொண்டிருந்தது.

அம்மையார் ப்யூஸைக் கையில் வைத்துக்கொண்டே, "அண்மையில் யாராவது பாட்டரியை மாற்றினார்களா?" என்று கேட்டார்.

ஓர் அமைதி. மாப்பிள்ளை, "ஆம், புறப்படுமுன் நாங்கள் மாற்றினோம்" என்றார்.

'நாங்கள்' என்றார். நான் வாய் திறக்கவில்லை.

பிஸ்கோத்துத் தகரத்திலிருந்து அதே அளவுள்ள இரண்டு ப்யூஸ்களை எடுத்துக் கொடுத்தார் அந்த அம்மையார். பணம் வாங்க மறுத்துவிட்டார். அவற்றைச் செருகி, கன்வெர்ட்டரையும் செருகியதும் அதன் சிறு விசிறி முனகத் தொடங்கியது. மீட்டர் 12.7 என்றது, பிறகு 12.9, தேநீர் அருந்திவிட்டு வந்து பார்த்தபோது 13.4. வற்றிய பாட்டரி ஆவலோடு குடிக்கும்போது வோல்ட் உடனே ஏறாது என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். பாட்டரி பட்டினியாகவே கிடந்தால் அதன் ஈயத் தகடுகளில் வெள்ளைப் படிவு இறுகிவிடும். கடுங்குளிரில் உள்ளிருக்கும் திராவகமும் உறைந்து பாத்திரம் வெடிக்கும். நிறைந்த பாட்டரிக்கு அந்த அச்சம் கிடையாது. இதற்கு மாறாக, பழங்காலத்துக் கன்வெர்ட்டர்கள் ஓயாமல் ஊட்டிப் பாட்டரியின் தண்ணீரைக் கொதிக்கவைத்து வற்றடிப்பதும் உண்டு. அரிசோனா வெயிலில் மாதம் ஒருமுறையேனும் மூடியைத் திறந்து பார்த்து, வாலைவடி நீர் ஊற்றுவது அவசியம். லித்தியம் பாட்டரி வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை இல்லை; ஆனால், அதற்கென்று அமைந்த கன்வெர்ட்டர் இல்லாவிட்டால் அது முழுமையாக நிரம்புவதில்லை.

அன்று மாலை பள்ளத்தாக்கின் விளிம்பில் மாப்பிள்ளையும் நானும் தனியே நின்றோம். பேரனும் மகளும் முன்னே போய்க்கொண்டிருந்தார்கள்.

"பாட்டரியை முதலில் நான் மாற்றித்தான் மாட்டினேன். பொறி பறந்தது. உங்களிடம் சொல்லவில்லை. சொல்லாததோடு, இரவு உங்களையும் குறை சொன்னேன்" என்றேன்.

"தெரியும், மாமா" என்றார் அவர். "டார்ச் வெளிச்சத்தில் பாட்டரி முனையைப் பார்த்தேன். ஈயம் உருகிப் புள்ளி விழுந்திருந்தது."

"அப்படியானால் அந்த அம்மையாரிடம்..."

"ப்யூஸ் எப்படிப் போனது என்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது, மாமா. யார் என்பது அவருக்கு எதற்கு?"

பீனிக்ஸ் திரும்பியபின், சிவப்பு நாடா ஒன்று வாங்கி, அந்தக் கறுப்புக் கம்பியின் முனையில் மூன்று சுற்றுச் சுற்றினேன். மாப்பிள்ளை அதன்மேல் ஆங்கிலத்தில் குறி எழுதினார். நான் அதற்குக் கீழே தமிழில் 'நேர்முனை' என்று எழுதி, தாத்தா என்று கையெழுத்தும் போட்டேன். இப்போதும் விடுமுறைக்குப் புறப்படும்போது, கம்பம் செருகிய கையோடு மீட்டரை வைத்துப் பார்த்து, எத்தனை வோல்ட் என்று பேரன் எனக்குத் தொலைபேசியில் சொல்கிறான். சென்ற முறை 13.6 என்றான்.